பாஸ்வேர்டு தொலைந்த லினக்ஸ் சர்வர்: திரையில் தெரிவதை வைத்து வழி தேடுவது

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி நூலகத்தின் கோஹா (நூலக மென்பொருள்) சர்வர், களக்காட்டில் வாழைத்தார் மண்டியின் கணக்கு சர்வர், அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் டேலி கோப்புகளை விண்டோஸ் கணினிகளுக்குப் பகிரும் சாம்பா சர்வர். நெல்லைச் சீமையில் லினக்ஸ் ஓடும் இடங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. அலுவலக மூலையில் ஒரு பெட்டி, யாரும் தொடாமல் வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். அமைத்துக் கொடுத்த பையன் சென்னைக்கோ பெங்களூருக்கோ துபாய்க்கோ போயிருப்பான். பாஸ்வேர்டு எழுதி வைத்த நோட்டு யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது, சர்வரை மாடிக்குத் தூக்கிக் காப்பாற்றிய இடங்களில்கூட மேசை டிராயரில் கிடந்த நோட்டு தண்ணீரோடு போய்விட்டது.

இப்படி மாட்டிக்கொண்டதும் பலர் முதலில் செய்வது, சுவிட்சை அணைத்துத் திரும்பப் போடுவது. அதை மட்டும் செய்யாதீர்கள். திரையில் என்ன வாசகம் வருகிறது என்று முதலில் படியுங்கள், முடிந்தால் போனில் படம் எடுத்து வையுங்கள். “பாஸ்வேர்டு போச்சு” என்று வரும் அழைப்புகளில் கணிசமானவற்றில் பாஸ்வேர்டு போயிருக்காது. வேறு ஏதோ ஒன்று கதவைச் சாத்தியிருக்கும்.

இன்னொன்றையும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். மறந்த பாஸ்வேர்டை லினக்ஸிலிருந்து படித்து எடுக்க முடியாது. /எட்சி/ஷேடோ என்ற கோப்பில் இருப்பது பாஸ்வேர்டு அல்ல, அதிலிருந்து கணக்கிட்ட ஹேஷ். ஆட்டிய மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாத மாதிரிதான் அதுவும். டெபியன் என்ற லினக்ஸ் வகையின், 2021-இல் வந்த 11-ஆம் பதிப்பு முதல் யெஸ்கிரிப்ட் என்ற முறையில் இந்த ஹேஷ் போடப்படுகிறது. யூகித்து யூகித்து உடைப்பது நடக்காத காரியம். ஆகவே நம் வேலை பழையதைக் கண்டுபிடிப்பது அல்ல, புதியதை வைப்பது.

சர்வர் உங்களுடையதாக இருக்க வேண்டும், அல்லது உரிமையாளர் எழுத்தில் சம்மதம் தந்திருக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43, 66 பிரிவுகள் அனுமதியின்றி நுழைவதைக் குற்றமாக வைத்திருக்கின்றன. மூன்றாண்டு வரை சிறை உண்டு. தெரிந்த அண்ணாச்சிதானே என்று வாய்வார்த்தையோடு விடாமல் வாட்ஸ்அப்பிலாவது ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்குப் பங்காளிகளுக்குள் தகராறு வந்தால் அந்த ஒரு வரிதான் உங்களைக் காப்பாற்றும்.

கட்டளைகளை ஒலிப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்ட வேண்டும். பாஸ்வேர்டை மாற்றும் கட்டளையை ‘பாஸ்டபிள்யூடி’ என்று எழுதுகிறேன். அதில் ஓ, ஆர் எழுத்துகள் கிடையாது.

சர்வர் வேலை செய்கிறது, உள்ளே மட்டும் போக முடியவில்லை

பில் போடுகிறார்கள், கோப்புகள் திறக்கின்றன, நிர்வாகப் பாஸ்வேர்டு மட்டும் இல்லை என்றால் உங்களுக்கு அவசரம் ஒன்றும் கிடையாது. ஓடுகிற சர்வரில் உள்ளே நுழைய வேறு வாசல்கள் இருக்கின்றனவா என்று நிதானமாகத் தேடலாம். அணைத்துவிட்டால் அவற்றில் சில போய்விடும்.

பழைய ஆள் பயன்படுத்திய லேப்டாப் அலுவலகத்தில் கிடக்கிறதா பாருங்கள். அதில் எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) சாவிக் கோப்பு இருந்தால் பாஸ்வேர்டே கேட்காமல் உள்ளே விடும். எந்தக் கணினியிலாவது புட்டி (விண்டோஸிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக நுழையும் நிரல்) ஜன்னல் ஒன்று திறந்தே கிடக்கிறதா, சர்வரின் மானிட்டரைப் போட்டால் யாரோ லாகின் ஆன நிலையிலேயே விட்டுப் போயிருக்கிறார்களா என்று பாருங்கள். அது ரூட், அதாவது முழு அதிகாரம் உள்ள கணக்கின் ஜன்னலாக இருந்தால் வேலை முடிந்தது: ‘பாஸ்டபிள்யூடி’, ஓர் இடைவெளி, பயனர் பெயர். சாதாரணப் பயனராக இருந்தால் ‘ஐடி’ என்று தட்டி எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறார் என்று பாருங்கள். நிர்வாக அதிகாரம் தரும் சூடோ, வீல் குழுக்களில் இருந்தும் பயனில்லாமல் போகலாம், ஏனென்றால் சூடோ கட்டளை அந்தப் பயனரின் பாஸ்வேர்டையே கேட்கும். ஆனால் டாக்கர் என்ற குழுவில் இருந்தால் அது ரூட்டுக்குச் சமம். சர்வரில் ஏற்கெனவே இருக்கும் ஏதாவது ஓர் இமேஜில், சர்வரின் மொத்த டிஸ்கையும் உள்ளே மாட்டிக்கொண்டு ஒரு கன்டெய்னரை (சர்வருக்குள் தனியாக ஓடும் சிறு லினக்ஸ்) எழுப்பி, அங்கிருந்து சிஹெச்ரூட் செய்து (அந்த டிஸ்கில் உள்ள லினக்ஸுக்குள் நுழைந்து) பாஸ்வேர்டை மாற்றிவிடலாம். சர்வரை ஒரு நொடிகூட நிறுத்த வேண்டாம்.

மிக முக்கியமாக ‘எல்எஸ்பிஎல்கே’ என்று தட்டிப் பாருங்கள். அந்தப் பட்டியலில் எங்காவது ‘கிரிப்ட்’ என்று இருந்தால் டிஸ்க் பூட்டப்பட்டது, இப்போது திறந்த நிலையில் ஓடுகிறது என்று பொருள். அதைத் திறக்கும் பாஸ்ஃபிரேஸ் யாருக்கும் தெரியாவிட்டால், அணைத்த நிமிடத்தில் தரவு முழுவதும் போய்விடும். அப்படிப்பட்ட சர்வரில் முதல் வேலை பாஸ்வேர்டு அல்ல. சாம்பா வழியாகவோ எப்படியோ கிடைக்கிற தரவையெல்லாம் வேறொரு டிஸ்குக்கு நகல் எடுங்கள். யூபிஎஸ் பேட்டரி தாங்குமா என்று பாருங்கள், மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்கள் பகுதிக்கு என்றைக்கு என்று விசாரியுங்கள். அதற்கப்புறம் மற்றது.

சரியான பாஸ்வேர்டு என்று நிச்சயமாகத் தெரியும், ‘லாகின் இன்கரெக்ட்’ என்கிறது

“தம்பி, சரியாத்தான் போடுதேன், உள்ள விடமாட்டேங்கு” என்று மண்டி அண்ணாச்சி போனில் சொன்னால், நான் முதலில் கேட்பது, “அண்ணாச்சி, நம்பர் லாக் விளக்கு எரியுதா?” என்பதுதான். சர்வரை எழுப்பியதும் பல கீபோர்டுகளில் நம்பர் லாக் அணைந்திருக்கும். எண்ணாலான பாஸ்வேர்டை வலப்பக்க எண் விசைகளில் தட்டினால் அந்த எண்கள் போகாது. பாஸ்வேர்டு இடத்தில் எதுவும் தெரியாது என்பதால் தட்டுகிறவருக்குக் கண்டுபிடிக்க வழியில்லை.

அதைச் சோதிக்க எளிய வழி, பயனர் பெயர் கேட்கும் இடத்தில் பாஸ்வேர்டைத் தட்டிப் பார்ப்பது. எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும். ‘அட்’ குறியும் மேற்கோள் குறியும் இடம் மாறி வந்தால் கீபோர்டு அமைப்பு அமெரிக்க முறைக்கும் பிரிட்டன் முறைக்கும் இடையில் மாறியிருக்கிறது. பார்த்தபின் எண்டர் அடிக்காமல் அழித்துவிடுங்கள். அடித்தால் பதிவேட்டில் அது பதிந்துவிடலாம்.

விண்டோஸ் கணினியிலிருந்து புட்டி வழியாக நுழைகிறவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். அலுவலகத்தில் தமிழில் தட்டச்சு செய்கிற கணினியாக இருந்தால், தமிழ் விசைப்பலகை இயக்கத்திலேயே இருக்கும். பாஸ்வேர்டு தமிழ் எழுத்துகளாகப் போய்க்கொண்டிருக்கும், திரையில் ஒன்றும் தெரியாது. நெல்லைப் பக்கம் டிடிபி சென்டர்களிலும் பள்ளி அலுவலகங்களிலும் இதை அடிக்கடி பார்க்கலாம்.

நேரில் உள்ளே விடுகிறது, எஸ்எஸ்ஹெச் வழியாக ‘பெர்மிஷன் டினைடு’

அப்படியென்றால் பாஸ்வேர்டு நன்றாகவே இருக்கிறது. ரூட் பெயரில் நுழையப் பார்க்கிறீர்களா? 2015-இல் வந்த ஓபன்எஸ்எஸ்ஹெச் 7.0 முதல், ரூட்டுக்குப் பாஸ்வேர்டு வழி இயல்பாகவே மூடியிருக்கிறது. சாதாரணப் பயனராக நுழைந்து சூடோ போடுங்கள். வாசகத்தின் கடைசியில் அடைப்புக்குள் ‘பப்ளிக்கீ’ என்று மட்டும் இருந்தால், அந்தச் சர்வர் சாவியை மட்டும்தான் ஏற்கிறது. பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. நேரில் லாகின் செய்து, /எட்சி/எஸ்எஸ்ஹெச் கோப்புறைக்குள் எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக் கோப்பைப் பாருங்கள். அதன் பக்கத்திலேயே, அதே பெயரில் ‘.டி’ என்று முடியும் கோப்புறைக்குள் இருக்கும் சிறு கோப்புகளையும் திறந்து பாருங்கள். உபுண்டுவில், முதல்முறை எழும்போது அமைப்புகளைச் செய்யும் கிளவுட்-இனிட் நிரல் எழுதி வைத்த ஒரு கோப்பு அங்கே உட்கார்ந்துகொண்டு, பெரிய கோப்பில் நீங்கள் செய்யும் மாற்றத்தை எடுபடாமல் செய்துகொண்டிருக்கும்.

சற்று முன்வரை பாஸ்வேர்டு கேட்டது, இப்போது ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’

நீங்கள் பலமுறை தவறாகப் போட்டதால் ஃபெயில்2பேன் என்ற காவல் நிரல் உங்கள் ஐபி முகவரியைத் தடுத்திருக்கிறது. இயல்பான அமைப்பில் 10 நிமிடத்துக்குள் 5 தவறு என்றால் 10 நிமிடத் தடை. வேறு கணினியிலிருந்து முயன்றால் கேட்கிறதென்றால் சந்தேகமே வேண்டாம். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், தானாகத் திறக்கும்.

இதற்கு உறவான இன்னொன்று ஃபெயில்லாக். ராக்கி, ஆல்மா என்ற ரெட் ஹேட் வகை லினக்ஸ்களில் இதை இயக்கி வைத்திருந்தால் 3 தவறுக்கு அப்புறம் கணக்கே 600 விநாடி பூட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் சரியான பாஸ்வேர்டையும் ஏற்காது, அதனால் ஆட்கள் இன்னும் பதறி இன்னும் தட்டுவார்கள். ரூட் கையில் இருந்தால் இப்படித் திறக்கலாம்:

ஃபெயில்லாக் --யூசர் பயனர்பெயர் --ரீசெட்

பாஸ்வேர்டை ஏற்கிறது, உடனே வெளியே தள்ளுகிறது

‘திஸ் அக்கவுண்ட் இஸ் கரன்ட்லி நாட் அவைலபிள்’ என்று வந்தால் அந்தப் பயனருக்கு ஷெல் (கட்டளைகளை வாங்கும் நிரல்) நோலாகின், அதாவது நுழைவு இல்லை என்று வைத்திருக்கிறார்கள். ‘அக்கவுண்ட் எக்ஸ்பயர்டு’ என்றால் கணக்கின் காலம் முடிந்திருக்கிறது. டிஸ்க் முழுக்க நிறைந்திருந்தாலும் இப்படி நடக்கும். வரைகலை லாகின் உள்ள கணினியில் பாஸ்வேர்டு போட்டதும் திரும்ப அதே திரைக்கே வந்து நிற்கும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்திக் கருப்புத் திரையில் லாகின் செய்து ‘டிஎஃப் -ஹெச்’ தட்டிப் பாருங்கள்.

மாதக்கணக்கில் அணைத்து மூட்டை கட்டி வைத்திருந்த சர்வர் என்றால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி செத்திருக்கும், தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். போனில் 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் எண்ணையும் சேர்த்துக் கேட்கும் சர்வர், நேரம் தவறினால் எந்த எண்ணையும் ஏற்காது. பயாஸில் தேதியையும் நேரத்தையும் சரி செய்தாலே பிரச்சினை தீர்ந்துவிடும். பேட்டரியை மாற்றும்போது பயாஸ் அமைப்பு பழையபடி இருக்கிறதா என்றும் பாருங்கள், குறிப்பாக டிஸ்க் எந்த முறையில் இயங்க வேண்டும் என்பதை.

உண்மையிலேயே பாஸ்வேர்டு போய்விட்டது

மேலே சொன்ன எதுவும் இல்லையென்றால்தான் ரீபூட். சர்வரைச் சட்டென்று பிடுங்காமல், பவர் பொத்தானை ஒருமுறை மெதுவாக அழுத்தி விடுங்கள். பெரும்பாலான சர்வர்கள் ஒழுங்காக மூடிக்கொள்ளும்.

எழும்போது, லினக்ஸைத் துவக்கும் நிரலான கிரப்பின் மெனு வர வேண்டும். வராவிட்டால், பழைய பயாஸ் கணினியில் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடியுங்கள். புதிய யூஇஎஃப்ஐ கணினியில் எஸ்கேப்பை ஒருமுறை தட்டுங்கள். எஸ்கேப்பை இரண்டு மூன்று முறை தட்டினால் மெனுவைத் தாண்டி ‘கிரப்>’ என்ற வெற்று வரிக்குப் போய்விடும். போனால் ‘நார்மல்’ என்று தட்டி எண்டர் அடித்து, உடனே எஸ்கேப்பை ஒருமுறை தட்டுங்கள், மெனு திரும்பும்.

மெனுவில் முதல் வரியின் மேல் நின்று ‘இ’ விசையை அழுத்துங்கள். பல வரிகள் திறக்கும். ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரிதான் நமக்கு வேண்டியது. பழைய பதிப்புகளில் லினக்ஸ்16 அல்லது லினக்ஸ்இஎஃப்ஐ என்றிருக்கும். அது நீளமானது, மடங்கி இரண்டு மூன்று வரியாகத் தெரியும். எண்ட் விசையை அழுத்தி அதன் கடைசிக்குப் போங்கள். இங்கே நீங்கள் செய்யும் மாற்றம் இந்த ஒருமுறை எழுவதற்கு மட்டும்தான்; தவறிப் போனால் அணைத்துப் போட்டால் பழையபடி ஆகிவிடும், பயப்பட வேண்டாம்.

டெபியன், உபுண்டு என்றால் அந்த வரியில் தனியாக நிற்கும் ‘ஆர்ஓ’ என்பதை ‘ஆர்டபிள்யூ’ ஆக்குங்கள். ‘குவைட்’, ‘ஸ்பிளாஷ்’ இருந்தால் எடுத்துவிடுங்கள். கடைசியில் ஓர் இடைவெளி விட்டு இதைச் சேருங்கள்:

இனிட்=/பின்/பாஷ்

கன்ட்ரோலும் எக்ஸும் சேர்த்து அழுத்தினால் பூட் ஆகும். எழுத்துகள் வேகமாக ஓடி, முடிவில் ‘நோ ஜாப் கன்ட்ரோல் இன் திஸ் ஷெல்’ என்று ஒரு வாசகம் வந்து, ரூட் என்று தொடங்கி ஹேஷ் (#) குறியில் முடியும் வரியில் நிற்கும். அந்த வாசகத்தைப் பார்த்துப் பலர் பழுது என்று நினைத்து அணைத்துவிடுகிறார்கள். அது பழுது அல்ல, நீங்கள் உள்ளே வந்துவிட்டதன் அடையாளம்.

இனி யாருடைய பாஸ்வேர்டை மாற்ற வேண்டும்? உபுண்டுவில் ரூட் கணக்கு பூட்டியே இருக்கும், அதற்குப் பாஸ்வேர்டு வைக்காதீர்கள். ‘எல்எஸ் /ஹோம்’ தட்டினால் பயனர்களின் பெயர்கள் தெரியும். அதில் நிர்வாகியாக இருந்தவர் யார் என்று அறிய ‘கெட்என்ட் குரூப் சூடோ’ தட்டுங்கள். அந்தப் பெயருக்கு மாற்றுங்கள்:

பாஸ்டபிள்யூடி பயனர்பெயர்

இப்போதைக்கு எளிய ஆங்கில எழுத்தும் எண்ணும் கொண்ட பாஸ்வேர்டே போதும். இந்த இடத்தில் கீபோர்டு அமெரிக்க அமைப்பில் இருக்கலாம். குறிகள் போட்ட பாஸ்வேர்டை இங்கே வைத்தால், இயல்பாக எழுந்தபின் அதே விசைகள் வேறு குறிகளைத் தந்து மறுபடி வெளியே நிற்க நேரும். உள்ளே போனதும் நல்லதாக மாற்றிக்கொள்ளலாம். முடிந்ததும் ‘சிங்க்’ என்று தட்டுங்கள், அப்புறம் ‘ரீபூட் -எஃப்’.

ராக்கி, ஆல்மா, ரெட் ஹேட் வகையில் கொஞ்சம் மாறும். ‘ஆர்ஹெச்ஜிபி’, ‘குவைட்’ இரண்டையும் எடுத்துவிட்டு, வரியின் கடைசியில் ‘ஆர்டி.பிரேக்’ என்று சேருங்கள். ‘ஸ்விட்ச்_ரூட்’ என்று தொடங்கும் வரி வந்து நிற்கும். உங்கள் உண்மையான டிஸ்க் அப்போது /சிஸ்ரூட் என்ற இடத்தில், படிக்க மட்டும் முடிகிற நிலையில் இருக்கும். வரிசையாக:

மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /சிஸ்ரூட்
சிஹெச்ரூட் /சிஸ்ரூட்
பாஸ்டபிள்யூடி
டச் /.ஆட்டோரீலேபல்
எக்ஸிட்
எக்ஸிட்

நான்காவது வரியை விட்டுவிடாதீர்கள். இந்த வகை லினக்ஸில் எஸ்ஈலினக்ஸ் என்ற காவல் இருக்கிறது; ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு லேபல் உண்டு. நாம் பின்வாசல் வழியாக /எட்சி/ஷேடோ கோப்பை மாற்றும்போது அந்த லேபல் கெட்டுவிடும். நான்காவது வரி, அடுத்தமுறை எழும்போது எல்லாக் கோப்புகளுக்கும் லேபலைப் புதிதாக ஒட்டச் சொல்கிறது. டிஸ்க் பெரியதாக இருந்தால் இது நீளும். ஒன்றும் நடக்காத மாதிரி நட்சத்திரக் குறிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். நடுவில் அணைத்துவிடக் கூடாது. ஆகவே யூபிஎஸ் நம்பகமில்லாத இடத்தில் இந்த வேலையை மின்சாரம் நிச்சயமாக இருக்கும் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவழியில் வரும் சிக்கல்கள்

‘ஆதென்டிகேஷன் டோக்கன் மேனிபுலேஷன் எரர்’: புதிய பாஸ்வேர்டை இரண்டு முறை கேட்டுவிட்டு இப்படிச் சொல்லும். இதைப் பார்த்தவுடன் பாஸ்வேர்டு போதுமான வலுவில்லை என்று நினைத்து, நீளமாக நீளமாக மாற்றிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். விஷயம் அதுவல்ல. ஷேடோ கோப்பில் எழுத முடியவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது. பெரும்பாலும் டிஸ்க் படிக்க மட்டும் என்ற நிலையிலேயே இருக்கும். சரி செய்ய:

மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /

இதற்கப்புறமும் அதே வாசகம் என்றால் ‘டிஎஃப் -ஹெச் /’ தட்டி டிஸ்க் நிறைந்திருக்கிறதா பாருங்கள். நிறைந்திருந்தால் /வார்/லாக் கோப்புறைக்குள் பழைய, சுருக்கி வைத்த பதிவுகளை அழித்து இடம் உண்டாக்குங்கள். இடமும் இருக்கிறதென்றால் ‘எல்எஸ்ஏடிடிஆர் /எட்சி/ஷேடோ’ தட்டிப் பாருங்கள். விடையில் கோடுகளுக்கு நடுவே ‘ஐ’ என்ற எழுத்து நின்றால், கோப்பை யாரும் மாற்றக் கூடாது என்று முன்பிருந்தவர் பூட்டி வைத்திருக்கிறார். பாதுகாப்புக்காகச் சிலர் செய்கிற வேலை இது. ரூட்டையும் அது தடுக்கும். ‘சிஹெச்ஏடிடிஆர் -ஐ /எட்சி/ஷேடோ’ தட்டினால் விலகும். இந்த மூன்றையும் இதே வரிசையில் பார்த்தால் பெரும்பாலும் வழி கிடைத்துவிடும்.

‘கெர்னல் பேனிக்... அட்டெம்ப்டட் டு கில் இனிட்’: பாஷ் வழியில் வேலை முடிந்ததும் பழக்கத்தில் ‘எக்ஸிட்’ தட்டியிருப்பீர்கள். அந்தப் பாஷ்தான் அப்போது முதல் நிரல், அது மூடினால் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) நின்றுவிடும். சிங்க் கொடுத்திருந்தால் ஒன்றும் ஆகவில்லை, பவரை அணைத்துப் போடுங்கள்.

வெறும் கருந்திரை, எதுவும் வரவில்லை: லினக்ஸ் வரியில் ‘கன்சோல்=டிடிஒய்எஸ்0’ என்று எங்காவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஷெல் உங்கள் மானிட்டருக்கு வராமல் சீரியல் கம்பிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அந்தச் சொல்லை எடுத்துவிட்டு மறுபடி பூட் செய்யுங்கள்.

‘கேனாட் ஓபன் ஆக்சஸ் டு கன்சோல், த ரூட் அக்கவுண்ட் இஸ் லாக்டு’: மெனுவிலிருந்து ரெக்கவரி மோடைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு டெபியனில் இது வரும். ரூட்டுக்குப் பாஸ்வேர்டு வைக்காத சர்வரில் அந்த வழி மூடியிருக்கும். மேலே சொன்ன பாஷ் வழிக்கே வாருங்கள்.

ராக்கியில் எல்லாம் முடிந்தபின்னும் ‘லாகின் இன்கரெக்ட்’: நான்காவது வரி விட்டுப்போயிருக்கிறது. கிரப்பில் ‘என்ஃபோர்சிங்=0’ சேர்த்துப் பூட் செய்தால் புதிய பாஸ்வேர்டை ஏற்கும். உள்ளே போய் ‘ரீஸ்டோர்கான் -வி /எட்சி/ஷேடோ’ தட்டுங்கள், போதும். எஸ்ஈலினக்ஸை நிரந்தரமாக அணைத்துவிடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு கோப்பின் லேபலுக்காக மொத்தக் காவலையும் எடுக்கத் தேவையில்லை.

இந்த இரண்டு வழியும் ஒத்துவராத சர்வரில் எனக்குப் பிடித்த மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. லினக்ஸ் வரியின் கடைசியில் ‘சிஸ்டம்டி.டீபக்-ஷெல்=1’ என்று சேருங்கள். சர்வர் முழுதாக, இயல்பாக எழும். டிஸ்க் எல்லாம் தானே மாட்டிக்கொள்ளும். எழுந்தபின் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்9 அழுத்தினால் பாஸ்வேர்டு கேட்காத ரூட் ஷெல் காத்திருக்கும். மாற்றியதும் கட்டாயம் ரீபூட் செய்யுங்கள், இல்லையென்றால் அந்த வாசல் திறந்தே கிடக்கும்.

‘இ’ அழுத்தினால் கிரப்பே பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிறது

முன்பிருந்தவர் கவனமான ஆள். பென்டிரைவில் ஒரு லைவ் லினக்ஸ் எழுதி அதிலிருந்து பூட் செய்யுங்கள். 64 பிட் லினக்ஸாக இருக்கட்டும். 32 பிட் என்றால் பிறகு சிஹெச்ரூட் செய்யும்போது ‘எக்ஸெக் ஃபார்மட் எரர்’ என்று நின்றுவிடும்.

எல்எஸ்பிஎல்கே தட்டி எந்தப் பகுதி ரூட் என்று அளவை வைத்துக் கண்டுபிடியுங்கள். எல்விஎம் (டிஸ்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் ஒரு முறை) என்று தெரிந்தால் முதலில் ‘விஜிசேஞ்ச் -ஏஒய்’ தட்டி எழுப்ப வேண்டும். ராக்கியிலும் உபுண்டு சர்வரிலும் நிறுவும்போது இயல்பாக வருவது இதுதான். அப்புறம் அந்தப் பகுதியை /எம்என்டி-யில் மவுண்ட் செய்து, /டெவ், /ப்ராக், /சிஸ் மூன்றையும் ‘மவுண்ட் --பைண்ட்’ மூலம் அதற்குள் இணைத்து, சிஹெச்ரூட் செய்து பாஸ்வேர்டை மாற்றுங்கள். ராக்கி வகை என்றால் அந்த ஆட்டோரீலேபல் வரி இங்கேயும் உண்டு.

எழும்போதே ‘ப்ளீஸ் அன்லாக் டிஸ்க்’ என்று கேட்கிறது

இது லக்ஸ் என்ற டிஸ்க் பூட்டு. பாஸ்ஃபிரேஸ் இல்லாமல் கிரப் வழி, பென்டிரைவ் வழி எதுவும் உதவாது. ஆனால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. லக்ஸ் முதல் பதிப்பில் ஒரே டிஸ்குக்கு 8 சாவிகள் வரை வைக்கலாம், இரண்டாம் பதிப்பில் 32 வரை. அமைத்தவர் தன்னுடையதைத் தவிர உரிமையாளருக்கு ஒன்று, ரெக்கவரிக்கு ஒன்று என்று வைத்திருக்கக்கூடும். பழைய மின்னஞ்சல்கள், பில்லோடு வந்த தாள்கள், பீரோவில் கிடக்கும் பழைய பென்டிரைவ்கள் எல்லாவற்றையும் தேடச் சொல்லுங்கள். அமைத்தவரைத் தொடர்புகொண்டு பேசிப் பாருங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் பேக்கப்தான் வழி. உடைத்துத் தருகிறேன் என்று பணம் கேட்பவர்களிடம் உரிமையாளரைப் போகவிடாதீர்கள். டிஸ்கை மட்டும் அழிக்காமல் பத்திரமாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள், பாஸ்ஃபிரேஸ் பிறகு கிடைக்கலாம்.

சர்வர் ஒரு விர்ச்சுவல் மிஷின்

இதுதான் இருப்பதிலேயே சுலபம். விர்ச்சுவல் மிஷின்களை நடத்தும் பிராக்ஸ்மாக்ஸில் கன்டெய்னர் என்றால் ‘பிசிடி எண்டர்’ போட்டு அதன் எண்ணைத் தந்தால் நேராக ரூட்டாக உள்ளே நிற்பீர்கள். முழு விஎம்மில் கெஸ்ட் ஏஜெண்ட் ஓடினால் ‘க்யூஎம் கெஸ்ட் பாஸ்டபிள்யூடி’, எண், பயனர் பெயர் என்று தட்டினால் மாறிவிடும். வெறும் கேவிஎம் என்றால் விஎம்மை அணைத்துவிட்டு விர்ட்-கஸ்டமைஸ் மூலம் டிஸ்க் கோப்பிலேயே மாற்றலாம். ஓடும்போது அதைத் தொட்டால் கோப்பு அமைப்பு சிதைந்துவிடும், மறக்க வேண்டாம்.

கிளவுடில் வாடகைக்கு எடுத்த சர்வரில், சீரியல் கன்சோல் இல்லையென்றால், அதை நிறுத்தி, டிஸ்கைக் கழற்றி, வேறொரு சர்வரில் இரண்டாவது டிஸ்காக மாட்டி மாற்றித் திரும்ப இணைப்பார்கள். இரண்டும் ஒரே இமேஜிலிருந்து வந்தவையாக, எக்ஸ்எஃப்எஸ் வகையாக இருந்தால் மவுண்ட் ஆகாமல் ‘பேட் சூப்பர்பிளாக்’ என்று பயமுறுத்தும். டிஸ்க் கெடவில்லை; இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதுதான் காரணம். ‘மவுண்ட் -ஓ நோயூயூஐடி’ என்று போட்டால் ஏற்றுக்கொள்ளும்.

உள்ளே வந்தாயிற்று, ஆனால் சாம்பா இன்னும் பழைய பாஸ்வேர்டையே கேட்கிறது

சாம்பாவுக்குத் தனிப் பாஸ்வேர்டு பட்டியல் உண்டு. லினக்ஸ் பாஸ்வேர்டை மாற்றினால் அது தானாக மாறாது. ‘எஸ்எம்பிபாஸ்டபிள்யூடி’ கட்டளையில் தனியாக மாற்ற வேண்டும். டேலி கோப்புகள் அதில் இருந்தால், மாற்றியபின் ஒவ்வொரு விண்டோஸ் கணினியிலும் சேமித்து வைத்திருக்கும் பழைய பாஸ்வேர்டையும் நீக்க வேண்டியிருக்கும். பழையது இன்னும் வேலை செய்கிறதென்றால், வேலை நேரம் முடிந்தபின் மாற்றுங்கள். கோஹாவுக்கும் இதே மாதிரி: மரியாடிபி தரவுத்தளத்தின் பாஸ்வேர்டு, கோஹா நிர்வாகியின் பாஸ்வேர்டு இரண்டும் தனித்தனி. ஆனால் மரியாடிபி பாஸ்வேர்டு சர்வருக்குள்ளேயே, /எட்சி/கோஹா/சைட்ஸ் கோப்புறைக்குள் அமைப்புக் கோப்பில் எழுதியிருக்கும். ரூட்டாக நுழைந்தவர் படித்துக்கொள்ளலாம், மாற்றவே வேண்டாம்.

கிளம்புவதற்கு முன் சில வேலைகள் பாக்கி இருக்கின்றன. கிரப்பில் எதையும் தொடாமல் ஒருமுறை ரீபூட் செய்து, புதிய பாஸ்வேர்டில் நேரில் ஒருமுறையும் வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக ஒருமுறையும் நுழைந்து பாருங்கள். /எட்சி/பாஸ்டபிள்யூடி கோப்பில் வேலையை விட்டுப்போனவர்களின் கணக்குகள் இருந்தால் உரிமையாளரிடம் கேட்டுப் பூட்டுங்கள். அவர்களுடைய .எஸ்எஸ்ஹெச் கோப்புறையில் உள்ள சாவிகளையும் எடுத்துவிடுங்கள், ஏனென்றால் பாஸ்வேர்டைப் பூட்டினாலும் சாவி வழி திறந்தே இருக்கும். இரண்டாவதாக ஒரு நிர்வாகக் கணக்கை உருவாக்கி, இரண்டு பாஸ்வேர்டுகளையும் தெளிவான எழுத்தில் தாளில் எழுதி, கவரில் ஒட்டி, ஒன்றை அலுவலக பீரோவிலும் மற்றொன்றை உரிமையாளர் வீட்டிலும் வைக்கச் சொல்லுங்கள். ‘ஓ’ எழுத்தையும் சுழியத்தையும், ‘எல்’ எழுத்தையும் எண் ஒன்றையும் பிரித்தறியும்படி எழுதுங்கள். கவரின் மேல் சர்வரின் ஐபி முகவரியும் மாற்றிய தேதியும் இருக்கட்டும்.